சிரித்தால் சிறையா?

சென்ற மாதம் இரண்டு நாள் லீவு கிடைத்தது. துடியலூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் அவசரமாகப் போகிறவர்களுக்குத் துடியலூர் என்றால் பஸ்ஸும் லாரியும் முட்டி நிற்கிற ஓர் இடம், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கோ அது இன்றைக்கும் குருடிமலையைப் பார்த்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதற்கு ஏற்ற ஊர்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு வழக்கு நடந்து கொண்டிருந்தது. வாதி, என் அண்ணனின் மகள், வயது பதின்மூன்று. பிரதிவாதி, அவளுடைய தம்பி; வயது ஒன்பது. அந்தப் பயல் நோட்டுப் புத்தகத்தில் இரட்டைச் சடை போட்ட எருமை ஒன்றை வரைந்து, அதன் கழுத்தில் அக்காளின் பள்ளிக்கூட அடையாள அட்டையையும் மாட்டி விட்டிருந்தான். படத்தில் ஜாடை சற்று அதிகமாகவே இருந்தது என்பதை நானும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்! அக்காள் தாமதிக்கவில்லை. தம்பியைச் சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, "மன்னிப்புக் கேட்டால்தான் கதவு திறக்கும்" என்று தீர்ப்பும் வழங்கி விட்டாள்.

பெரியம்மா மெள்ள எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். பிறகு பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு சொன்னாள்:

"ஏங் கண்ணு, அவன் வரைஞ்சது தப்புன்னே வெச்சுக்கலாம். அதை எங்கிட்டச் சொல்லோணும். இல்லாட்டி உங்கம்மாகிட்டச் சொல்லோணும். பிராது குடுக்கறதும் நீயே, நாயஞ் சொல்றதும் நீயே, தாப்பாப் போடறதும் நீயேன்னா, அப்பறம் நாங்கெல்லாம் இந்த ஊட்டுல எதுக்கு இருக்கறோம்?"

பேத்தி உம்மென்று இருந்தாள். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. அரசியல் சட்டத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களில் பல அத்தியாயங்களில் சொல்லியிருக்கும் விஷயத்தைப் பெரியம்மா இரண்டே வாக்கியத்தில் சொல்லி விட்டாளே!

ராத்திரி சாப்பாடு ஆனதும் அவளே பேச்சைத் தொடங்கினாள். "ஏனம்மிணி, நீ பத்திரிகையில இருக்கறவ. ரொம்ப வருசத்துக்கு முந்தி, அட்டையில ஒரு சிரிப்புப் போட்டதுக்கு ஒரு ஆசிரியரைச் செயில்ல போட்டாங்களே! கடைசியில என்னாச்சு?"

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன், நேயர்களே.

அட்டைப்பட ஹாஸ்யம்

அந்த ஆசிரியர் ஆனந்த விகடனின் எஸ். பாலசுப்பிரமணியன். எஸ்.எஸ். வாசன் அவர்களின் குமாரர். 1987-ஆம் வருஷம் மார்ச் 29-ஆந் தேதியிட்ட இதழின் அட்டையில் ஒரு ஹாஸ்யத் துணுக்கு வெளியாகியிருந்தது. மேடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவருக்குச் சந்தேகம். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் விளக்குகிறார். இவ்வளவுதான் விஷயம். யார் பெயரும் அதில் இல்லை. எந்தக் கட்சியும் இல்லை. காப்பி குடித்துக் கொண்டே பார்த்து, லேசாகச் சிரித்து, தொடர்கதைக்குப் புரட்டிவிடக் கூடிய துணுக்கு.

சட்டசபைக்குச் சிரிப்பு வரவில்லை. சபையின் உரிமையை மீறியதாகப் பிரச்னை எழுந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் கேட்கவில்லை. ஏப்ரல் 4-ஆந் தேதி அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைக்குச் சபாநாயகர் பி.எச். பாண்டியன். "வானளாவிய அதிகாரம்" என்ற சொற்றொடர் அந்நாளில் அவருடைய பெயரோடு ஒட்டிக் கொண்டிருந்தது. முதல் மந்திரி எம்.ஜி.ஆர்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1974-ல் எம்.ஜி.ஆர். நடித்து ஒரு படம் வெளிவந்தது. அதன் டைரக்டர் எஸ்.எஸ். பாலன் என்பவர் வேறு யாருமல்ல, இதே பாலசுப்பிரமணியன்தான். படத்தின் பெயர் "சிரித்து வாழ வேண்டும்"!

பத்திரிகைகளும் பொது ஜனங்களும் எழுப்பிய கண்டனத்தில் மூன்று மாதச் சிறைவாசம் சில தினங்களிலேயே முடிந்தது. ஆசிரியர் வெளியே வந்தார். அதோடு "விட்டது சனி" என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போனார். 1994-ல் சென்னை ஹைகோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, நஷ்ட ஈடாக ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று.

"ஏழு வருசம் அலைஞ்சு ஆயிரம் ரூவாயா?" என்றாள் பெரியம்மா.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையல்லதான். ஆனால் அது பணத்துக்காகப் போட்ட வழக்கும் அல்ல. பூட்டியது தப்பு என்று வேறொருவர் சொல்ல வேண்டியிருந்தது; ஹைகோர்ட் சொல்லிற்று.

கேடயம் தடியானது

சட்டசபைக்கு இப்படி ஒரு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது சீமையிலிருந்து வந்தது. 1642-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், தமக்குப் பிடிக்காத ஐந்து அங்கத்தினர்களைப் பிடித்துக் கொண்டு போவதற்காகப் படைவீரர்களுடன் காமன்ஸ் சபைக்குள்ளேயே நுழைந்தார். பட்சிகள் முன்பே பறந்து விட்டன என்பது வேறு கதை. அப்படிப்பட்ட அரசர்களிடமிருந்து ஜனப் பிரதிநிதிகளைக் காப்பாற்றுவதற்காகத்தான் சபையின் விசேஷ உரிமைகள் வலுவாக வளர்ந்தன. சபைக்குள் பேசியதற்காக ஒருவர் மேல் வழக்குப் போட முடியாது என்பது அவற்றில் முக்கியமானது. நல்ல ஏற்பாடு, இன்றைக்கும் அவசியமான ஏற்பாடு.

1950-ல் நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, 194-வது விதியில் இதைச் சேர்த்துக் கொண்டார்கள். தன்னுடைய உரிமைகள் இன்னின்னவை என்று சட்டசபை தானே ஒரு சட்டம் செய்யலாம். அதுவரையில் இங்கிலாந்தின் காமன்ஸ் சபைக்கு என்னென்ன உரிமைகளோ அவையே இங்கும் என்று எழுதினார்கள். "அதுவரையில்" என்ற அந்தச் சொல்லுக்கு எழுபத்தைந்து வயதாகி விட்டது. பார்லிமெண்டும் சரி, தமிழ்நாட்டுச் சட்டசபையும் சரி, உரிமைகளை முழுமையாக வகுத்துச் சொல்லும் சட்டம் எதையும் செய்யவில்லை. எல்லை போடாத தோட்டம்தானே அடுத்தவன் வரப்பு வரைக்கும் நீளும்? அரசனின் வாளைத் தடுக்க ஏற்பட்ட கேடயம், பிரஜையின் முதுகில் விழும் தடியாக மாறியது இப்படித்தான்.

நம் ஊரில் மட்டும் நடந்த சங்கதியல்ல இது. 1964-ல் உத்தரப் பிரதேசத்தில் கேசவ சிங் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரத்தை வெளியிட்டதில் ஆரம்பித்த விவகாரத்துக்காக, அந்த மாகாணச் சட்டசபை அவரை ஏழு நாள் சிறையில் அடைத்தது. மார்ச் 19-ஆந் தேதி இரண்டு ஹைகோர்ட் நீதிபதிகள் அவரை ஜாமீனில் விட்டார்கள். சபைக்கு வந்ததே கோபம்! ஜாமீன் கேட்ட வக்கீலையும், ஜாமீன் கொடுத்த இரண்டு நீதிபதிகளையும் காவலில் கொண்டு வந்து சபை முன் நிறுத்தும்படி தீர்மானம் போட்டு விட்டார்கள். அலகாபாத் ஹைகோர்ட்டின் இருபத்தெட்டு நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்தைக் கேட்டார். செப்டம்பர் 30-ஆந் தேதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்ன பதில் இது: இங்கிலாந்தில் பார்லிமெண்டே பெரிது, இந்தியாவில் அரசியல் சட்டமே பெரிது. ஆகவே, சபை ஒருவரைச் சிறையில் போட்டால், அது சரியா என்று கோர்ட்டு கேட்கலாம்.

சாமான் அறைத் தாழ்ப்பாளை நீக்கப் பெரியம்மாவுக்கு உரிமை உண்டு என்று சொன்ன மாதிரிதான்!

அமெரிக்காவில் ஓர் ஆயிரம்

"சுதந்திரம் என்றால் அமெரிக்காதான்" என்பார்கள். அங்கேயும் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றுக் கொண்டார்கள். பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் மகாசபை செய்யக் கூடாது என்ற முதலாவது திருத்தம் 1791-ல் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. மை காய்ந்து ஏழு வருஷம் ஆவதற்குள், 1798-ல், அதே காங்கிரஸ் ஒரு ராஜத் துரோகச் சட்டத்தைச் செய்தது. ஜனாதிபதியையோ காங்கிரஸையோ அவதூறாக எழுதினால் சிறை.

அந்த வருஷம் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் நியூவார்க் நகரின் வழியாகப் போனபோது மரியாதைக்குப் பீரங்கி வெடித்தார்கள். குடித்திருந்த லூதர் பால்டுவின் என்பவர், அந்தப் பீரங்கி ஜனாதிபதியின் பின்பக்கத்தில் வெடித்தாலும் தமக்குக் கவலையில்லை என்கிற தினுசில் ஏதோ உளறினார். குடும்பப் பத்திரிகையில் இதற்கு மேல் விவரிப்பதற்கில்லை! அந்த உளறலுக்கு அவருக்கு அபராதம் விதித்தார்கள்.

இன்னொருவர் மாத்யூ லையன். அவரே காங்கிரஸ் அங்கத்தினர். ஜனாதிபதியின் படாடோபத்தைக் கண்டித்து எழுதினார் என்று நான்கு மாதச் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் கிடைத்தன. வெர்மான்ட் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் சிறைக்குள் இருக்கும்போதே அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்து விட்டார்கள். அந்தச் சட்டம் 1801-ல் காலாவதியாயிற்று. 1840-ல், லையன் இறந்து பல வருஷங்கள் ஆன பிறகு, காங்கிரஸ் அந்த அபராதத்தை அவருடைய வாரிசுகளுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. அங்கே ஆயிரம் டாலர், இங்கே ஆயிரம் ரூபாய்! ஒன்று திரும்பி வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று; மற்றொன்றுக்கு ஏழு வருஷம்.

சபையே ஆளைப் பூட்டுவதும் அங்கே நடந்ததுண்டு. 1876-ல் ஹாலெட் கில்போர்ன் என்பவர் பிரதிநிதிகள் சபையின் கமிட்டி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். நாற்பத்தைந்து நாள் காவலில் வைத்தார்கள். 1881-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்ட அங்கத்தினர்கள் மேல் வழக்குப் போட முடியாது. சபைக்குள் செய்ததற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால், அவர்கள் சொன்னார்கள் என்று ஆளைக் கொண்டு போய்ப் பூட்டிய அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்! "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்று கையை விரிக்கிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

கேசவ சிங்கின் வழக்கு நடந்த அதே 1964 மார்ச்சில்தான் அமெரிக்காவில் இன்னொரு பெரிய தீர்ப்பும் வந்தது. அலபாமாவில் ஒரு நகர அதிகாரி, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தம்மை அவதூறு செய்ததாக வழக்குப் போட்டு, ஐந்து லட்சம் டாலர் நஷ்ட ஈட்டுக்குத் தீர்ப்பும் வாங்கியிருந்தார். சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தோ, மெய் பொய்யைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதியதாக நிரூபித்தாலொழிய, சர்க்கார் அதிகாரி தம் உத்தியோகச் செயலைக் குறைகூறியதற்காக நஷ்ட ஈடு கேட்க முடியாது என்றது.

அந்தத் தீர்ப்பின் வாசனை முப்பது வருஷம் கழித்துத் தமிழ்நாட்டிலும் வீசியது. 1994 அக்டோபரில், நக்கீரன் ஆசிரியர் ஆர். ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட், ஒரு விஷயம் அச்சாவதற்கு முன்பே அதைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று சொல்லி, அமெரிக்கத் தீர்ப்பின் கருத்தையும் எடுத்துக் கொண்டது. ஆனால் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. கோர்ட்டுகளும் சட்டசபைகளும் இதற்கு விலக்கு; அவற்றின் தனி அதிகாரங்கள் அப்படியே இருக்கும் என்றது.

திறந்த கதவு சும்மா இருக்குமா? 2003 நவம்பர் 7-ஆந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபை "தி ஹிந்து" பத்திரிகையைச் சேர்ந்த ஐந்து பேருக்கும், அதன் தலையங்கத்தை மொழிபெயர்த்துப் போட்ட "முரசொலி" ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. ஹிந்துவின் ஐவரில் இருவர் பெண்கள். மூன்றே நாளில், நவம்பர் 10-ஆந் தேதி, சுப்ரீம் கோர்ட் அவர்களைக் கைது செய்யக் கூடாது என்று தடை போட்டது.

கைப்பேசியில் வரும் சிரிப்பு

"அதெல்லாம் பத்திரிகைக்காரங்க பாடு. எங்களுக்கு என்ன?" என்று அண்ணி கேட்டாள். அவளுடைய கைப்பேசியில் ஒரு மந்திரியைப் பற்றிய துணுக்கு வந்திருந்ததாம். படித்துச் சிரித்து விட்டு, "எதுக்கு வம்பு?" என்று அழித்து விட்டாளாம்.

அண்ணிக்குப் பதில் சொல்ல எனக்கு மகாராஷ்டிரத்துப் பால்கர் ஞாபகத்துக்கு வந்தது. 2012 நவம்பரில், பால் தாக்கரே காலமானதை ஒட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி ஓர் இளம்பெண் முகநூலில் இரண்டு வரி எழுதினாள். மற்றொருத்தி அதற்கு விருப்பம் தெரிவித்தாள். எழுதியவளும் கைது, விருப்பம் தெரிவித்தவளும் கைது. பிடித்த சட்டங்களில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. பிறருக்கு எரிச்சல் உண்டாக்கும் செய்தியை அனுப்பினாலே அதன்படி குற்றம்! இதைக் கேட்ட ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாள். 2015 மார்ச் 24-ஆந் தேதி அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எரிச்சல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது அதன் சாரம். பத்திரிகையிலும் இல்லாத, கட்சியிலும் இல்லாத பெண்கள் மாட்டிக் கொண்டார்கள். கோர்ட்டுக்குப் போனவளும் ஒரு பெண்தான்.

இதனால் வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று அர்த்தமில்லை. நம் சட்டத்தில் அவதூறு இன்றைக்கும் குற்றம்தான். கலகத்தைத் தூண்டுவதும் குற்றம்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கதை கட்டிப் பரப்புவது ஹாஸ்யத்தில் சேராது. அது பாபத்தில் சேர்ந்தது. எருமைப் படம் வரைந்த பயல்கூட அக்காள் மனம் நோகும்படி செய்தான் என்பது வாஸ்தவமே. அதற்கு ஒரு விசாரணை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விசாரிப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். நல்ல மனுஷிக்கும்கூட, தான் புண்பட்டிருக்கிற நேரத்தில் தராசு நேராக நிற்பதில்லை. மந்திரிகளும் சபாநாயகர்களும் நம்மைப் போல மனிதர்கள்தாமே? கோபம் வருவது சகஜம். கோபம் வந்தவர் கையில் சாவி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அரசியல் சட்டம் என்று ஒன்றை எழுதி, சாவியை மூன்றாவது மனிதரிடம் கொடுத்து வைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் பெரியம்மா வழக்கைத் தீர்த்து வைத்தாள். பயல் அக்காளின் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அவனை அடைத்து வைத்ததற்காக அக்காள் தன் பங்கு தேங்காய் பன்னில் பாதியைக் கொடுத்து விட வேண்டும். இருவரும் முணுமுணுத்துக் கொண்டே ஒப்புக் கொண்டார்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். எருமைப் படம் கிழிபடவில்லை. குளிர்ப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு புதுப் படம். மூக்குக் கண்ணாடி போட்ட குரங்கு ஒன்று அட்டை போட்டுக் கொண்டிருந்தது. கையெழுத்து அக்காளுடையது!